மெஷினுக்குக் கோபம் வருமா

அலுவலகத்தில் அவளுக்கு 'அறிவிப்பு' என்று பெயர். வயதுக்குக் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'அறிவிப்பு அக்கா'. அந்தப் பெயரை வைத்தவன் மெக்கானிக் திருகாணி. அவனுக்குத் திருகாணி என்று பெயர் வைத்தவள் அவள்தான் என்பதால், இதில் யாரும் யார்மீதும் வருத்தப்பட வழியில்லை.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி அது. லிஃப்டுக்குள் ஏறினால், பொத்தான்களுக்குக் கீழே மணிப் படம் போட்டு மஞ்சளாக ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அழுத்திவிட்டு அடி வாங்குகிற பொத்தான். நிஜமாகவே லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஊரின் இன்னொரு மூலையில், வேன்கள் நிற்கிற முற்றத்தைப் பார்த்த ஓர் அறையில், ஒரு மேஜையில் மணி அடிக்கும். திரையில் கட்டடத்தின் விலாசம் வரும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பேசுவார். உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு, மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்தக் குரல்தான் துணை. அப்படி ஒரு மேஜை அக்காவுடையது. ஜன்னல் ஓர மேஜை, சண்டை போட்டு வாங்கியது.

பிழைக்க வந்த ஊர் என்பதால் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். அக்காவின் ஆங்கிலமோ சொக்கத் தங்கம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கென்றே பரிசு வாங்கியவள். ஒரு வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டி, முன்னும் பின்னும் பார்த்து, இஸ்திரி போட்டு மடித்து, அப்புறம்தான் வாயைத் திறப்பாள். கதை தமிழில் நடப்பதால் அதைத் தமிழாக்கித்தான் காட்ட முடியும். ஆக்கினால் இப்படி இருக்கும்: "வணக்கம். தாங்கள் மின்தூக்கி அவசர உதவி மையத்துடன் இணைக்கப்பட்டுள்ளீர்கள். தாங்கள் தற்போது எத்தனையாவது தளத்தில் சிக்கியுள்ளீர்கள் என்பதைத் தெரிவிக்க இயலுமா?"

பக்கத்து மேஜைக்காரன் அதையே எப்படிக் கேட்பான் என்றால்: "ஹலோ, மாட்டிக்கிட்டீங்களா? எந்த மாடி?" அவ்வளவுதான். அவன் ஆங்கிலத்தில் ஓட்டைகள் ஏராளம். ஆனாலும் ஜனங்கள் அவனிடம் அழுதார்கள், புலம்பினார்கள், போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தப்பே இல்லாமல் பேசுகிற அக்காவை மட்டும் யாரும் நம்பவில்லை. காரணம் எளிது. அவளை ரெக்கார்டிங் என்று நினைத்தார்கள்.

ஒருநாள் அது வினையாக முடிந்தது. ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். மனைவி பொத்தானை அழுத்தினாள். அக்கா பேசினாள். முழுசாக, அழகாக, ஒரு மூச்சில் பேசினாள். "விடு, மெஷின வச்சிருக்கான்" என்று டாக்டர் மனைவியிடம் சொன்னது அக்காவின் காதிலேயே விழுந்தது. "ஐயா, நான் இயந்திரம் அல்ல" என்று அவள் சொன்னதும் மெஷின் சொன்னது மாதிரியேதான் இருந்தது. டாக்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து கடப்பாரையால் கதவைப் பிளந்தபோது, திருகாணி கையில் சாவியோடு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கட்டடத்துச் சொந்தக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். ஆளை வைக்காமல் மெஷினை வைத்து ஊரை ஏமாற்றுகிறீர்களா என்று அறையே அதிரக் கத்தினார். சூப்பர்வைசர் வேறு வழி தெரியாமல் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அந்த மெஷின் அவங்கதான் சார்" என்றார்.

மொத்த அறையும் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போது பேனா மூடியைக் கடிக்கிறவர்.

"மேல ஒரு யோசனை ஓடிட்டிருக்கும்மா. நிஜமாவே ஒரு மெஷின் வாங்கலாம்னு. மாசக் கடைசில மீட்டிங். ஜனங்களுக்கு உங்களுக்கும் மெஷினுக்கும் வித்தியாசமே தெரியலைன்னா நான் என்னன்னு வாதாடுறது? உங்க சீட்டுதான் முதல்ல போகும். உங்களை ஸ்டோர்ல போடறதா சொல்றாங்க."

"என் இங்கிலீஷ்ல என்ன சார் தப்பு?"

"தப்பே இல்லம்மா. அதான் பிரச்சினை."

ஸ்டோர் என்பது கீழ்த்தளத்தில், கம்பி வடமும் நட்டும் போல்ட்டும் அடுக்கி வைத்திருக்கிற இடம். அங்கே பேச்சுத் துணைக்கு நட்டும் போல்ட்டும்தான். அக்காவை அங்கே உட்கார வைப்பது மீனைக் கரையில் உட்கார வைப்பது போல. ஏனென்றால் தமிழில் அவள் வாய் ஓயாத ஆள். போன மழைக்காலத்தில் சூப்பர்வைசர் மேஜைமேல் ஒரு பல்லி விழுந்து, மனிதர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டபோது, அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே வர்ணனை கொடுத்தாள்: "பல்லி தன் இருக்கைக்குத் திரும்பிவிட்டது. சார் இன்னும் திரும்பவில்லை." தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். திருகாணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் ஆங்கிலத்தில் அவள் இன்றுவரை ஒரே ஒரு ஆளைக்கூடச் சிரிக்க வைத்ததில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இதை யோசித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆங்கிலத்தில் மட்டும் அவளைத் தெரிந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? ஒழுங்கான பெண்மணி, உப்புச் சப்பில்லாத பெண்மணி என்பார்கள். ஸ்டோருக்குப் போவதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. போனில் பாடங்கள் பார்த்தாள். இயல்பாக ஆங்கிலம் பேச இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள் என்று தலையைச் சரித்துச் சரித்துச் சொல்லிக்கொடுக்கிற பாடங்கள். நாக்கை எங்கே மடக்குவது, உதட்டை எப்படிக் குவிப்பது எல்லாம் பார்த்துப் பழகினாள். பென்சிலைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு பேசினால் வாய் வசப்படும் என்று ஒருவர் சொன்னார். சமையலறையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு "வணக்கம், தாங்கள்" என்று அவள் ஆரம்பிக்கையில் புருஷன் எட்டிப் பார்த்து, "பல்வலியா?" என்றான். விரட்டிவிட்டாள்.

இந்தப் பாடுபட்டதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. இதுவரை அவள் உள்ளூர் ரெக்கார்டிங் மாதிரி இருந்தாள். இப்போது வெளிநாட்டிலிருந்து தருவித்த ரெக்கார்டிங் மாதிரி ஆனாள்.

அந்த வார விடுமுறை நாளில் நாத்தனாரின் கடைக்குப் போனாள். நாத்தனார் முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் நாலு நாற்காலி. வருகிறவர்கள் பாதிப் பேர் முடி வெட்டிக்கொள்ள வருகிறார்கள், மீதிப் பேர் பேச வருகிறார்கள் என்று அக்காவின் புருஷன் சொல்வான். நாத்தனார் ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்ததைவிட இந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று பொறுக்கியதுதான் அதிகம். அக்கா ஓரமாக உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டாள்.

ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். தன் தம்பி சொந்த வீட்டுக்கே வருவதில்லை என்று ஆரம்பித்தாள். நாத்தனார் கத்தரியை ஓட்டியபடியே "ம்" என்றாள். அம்மாள் தொடர்ந்தாள். "அட" என்றாள் நாத்தனார். அம்மாள் இன்னும் தொடர்ந்தாள். நாத்தனார் கத்தரியை நிறுத்தி, கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்து, "அப்போ நீங்க…" என்று இழுத்தாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சக் கதையையும் கொட்டினாள். போகும்போது, "உன்கிட்டப் பேசினா மனசு லேசாகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாம் ஆங்கிலத்தில்.

அக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

"நீ ஒண்ணுமே பேசலையே."

"பேசினேனே அண்ணி. 'ம்'னு சொன்னேன்ல."

"அது ஒரு பேச்சா? ஒரு வாக்கியமாவது முழுசா முடிச்சியா நீ?"

நாத்தனார் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டே சிரித்தாள். "நான் முடிச்சுட்டா அவங்களுக்கு என்ன வேலை? அது இருக்கட்டும். எங்க அண்ணன்கிட்ட நீங்க என்னிக்காவது முழுசா ஒரு வாக்கியம் பேசியிருக்கீங்களா? 'என்ன, மறுபடியுமா… சரி… நல்லா இருங்க.' இவ்வளவுதான் பேசுவீங்க. அதுலயே அவருக்கு ரெண்டு நாள் தூக்கம் போயிடும்."

அக்கா பத்திரிகையை மூடிவைத்தாள்.  பதிலே இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று நாத்தனார் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

விஷயம் பிடிபட்டது போலத்தான் இருந்தது. ஆனால் பிடிபடுவது வேறு, கைவருவது வேறு. மறுநாள் முதல் அழைப்பிலேயே அக்கா 'ம்' கொட்டத் தொடங்கினாள். ஒரு வங்கி மேலாளர் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்ல இவள் ஒரு 'ம்'. இன்னொரு வார்த்தை, இன்னொரு 'ம்'. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அவர், "மன்னிக்கணும், லைன்ல மாடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அக்கா பதறிப்போய், நாத்தனார் வாடிக்கைக்காரிகளைக் கொஞ்சுகிற ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து அவர்மீது வீசினாள். தமிழில் 'செல்லம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.  பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பேனா மூடியை அப்படியே விழுங்கியிருப்பார்.

"பழைய மாதிரியே பேசிடுங்கம்மா" என்றார் பிறகு. "இதுக்கு அது தேவல."

மாசக் கடைசி நெருங்கியது. அக்கா மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். ஸ்டோரில் ஜன்னல் கிடையாது என்பதால் ஜன்னலோரம் வைத்திருந்த சின்னச் செடியைப் பக்கத்து மேஜைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டது அவளுக்கு வலித்தது.

மீட்டிங்குக்கு முந்தின நாள், மதியச் சாப்பாடு முடிந்து அறை மந்தமாக இருந்த நேரம், மணி அடித்தது. திரையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் விலாசம் வந்தது. அக்கா ஹெட்போனை மாட்டினாள். வாய் தன்னால் திறந்துகொண்டது.

"வணக்கம். தாங்கள் மின்தூக்கி அவசர உதவி மையத்துடன்…"

"சே, ரெக்கார்டிங்" என்றது ஓர் ஆண் குரல். கனத்த குரல், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்திலேயே பிறந்து ஆங்கிலத்திலேயே அழுது வளர்ந்த குரல். அப்புறம் இரும்பு கிரீச்சிடுகிற சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவன் கதவை இரண்டு கையாலும் பிளந்து திறக்கிறான்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கும்போது கதவைத் திறந்தால் கீழே ஓர் இடைவெளி தெரியும். வெளிச்சம் வரும். மாட்டிக்கொண்டவனுக்கு அது வாசல் மாதிரி தோன்றும். உடம்பை நுழைத்துக் கீழ் மாடித் தரையில் குதித்துவிடலாம் என்று நினைப்பான். தவறினால் தரையில் விழமாட்டான். லிஃப்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் விழுவான். சாதாரண ஆட்களால் கதவைத் திறக்கவே முடியாது. இவன் சாதாரண ஆள் இல்லை போலிருந்தது. கிரீச் சத்தம் நீண்டுகொண்டே போனது.

"ஐயா, தயவுகூர்ந்து கதவைத் திறக்க முயல்வதைத் தவிர்க்கவும்" என்றாள் அக்கா.

மெஷினுக்கு யார் பதில் சொல்வார்கள்? அவன் சொல்லவில்லை. "வெளிச்சம் தெரியுது" என்று தனக்குத்தானே முனகினான். "குதிச்சுடலாம்."

 அடுத்த வாக்கியத்தைக் கட்டுவதற்கு நேரம் இல்லை. கட்டாமலே வாய் திறந்துவிட்டது.

"ஏய்! கைய எடு!"

ஆங்கிலத்தில்தான். ஆனால் சுடுகிற பாத்திரத்தைப் புருஷன் வெறுங்கையால் தூக்கப் போகும்போது வீட்டில் வருமே, அந்தக் குரலில். பக்கத்து மேஜைக்காரன் தானே எதையோ தொட்டுவிட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

கிரீச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றான் அவன்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"இங்க… போன்ல. உங்களோடதான் இருக்கேன்."

"நீங்க மெஷின் இல்லையா?"

"மெஷினுக்குக் கோபம் வருமா?"

 கதவு மெதுவாக மூடிக்கொள்வது கேட்டது. அக்காவின் உயிர் திரும்ப வந்தது.  உடனே திருகாணியின் வேனுக்கு விலாசத்தை அனுப்பினாள்.

"அங்க கீழ பள்ளம். விழுந்தா… வேண்டாம், அத விடுங்க. கதவுப் பக்கம் போகாதீங்க, சரியா?"

"சரி."

"என்ன ஆச்சு?"

அவன் சொல்லத் தொடங்கினான். வீடு மாற்றிக்கொடுக்கிற வேலை. சாமான் ஏற்றி இறக்குவது. அலமாரி ஒன்று… பெரிசு… லிஃப்டுக்குள்ளே… கூட்டாளி படியில் போய்விட்டான்… அலமாரி என்மேல… மூச்சு… வாக்கியங்கள் எதுவும் முடியவில்லை. எல்லாம் பாதியில் அறுந்து விழுந்தன. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்திலேயே பிறந்தவனும் பயம் வந்தால் இப்படித்தான் பேசுகிறான் என்பது அவளுக்குள் எங்கேயோ பதிந்தது. அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

"ம்" என்றாள்.

இது வேறு 'ம்'. எண்ணிச் சொன்னது இல்லை. புருஷன் வேலை போன அன்று வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபோது அவள் சொன்ன 'ம்' அது.

அவன் பெருமூச்சு விட்டான்.

"அலமாரிக்கு முதுகக் காட்டித் திரும்ப முடியுதா?" என்றாள். "மெதுவா… அவசரமே இல்ல. திரும்பினீங்களா? அப்படியே சாய்ஞ்சு கீழ உக்காருங்க."

உடைகள் உரசுகிற சத்தம், ஒரு முனகல், பலகை அதிர்கிற சத்தம். "உக்காந்துட்டேன்."

"நல்லது. யாரோட அலமாரி?"

"யாரோ வக்கீலோடது."

"பெரிசா?"

"எங்க வீட்டு சமையலறை இவ்வளவு இருக்காது."

"வக்கீலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அலமாரி?" என்றாள் அக்கா. அப்புறம் அவளே, "பின்ன, சொன்ன பொய்யெல்லாம் எங்க அடுக்குறது?" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.  ஐயோ என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் முதலில் மூக்கால் ஒரு புஸ். அடுத்து இருமல் மாதிரி ஒன்று. அதற்கப்புறம் அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, பின்னால் அலமாரிக் கதவு தடதடவென்று ஆடுவது ஹெட்போனில் கேட்டது.

அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பரிசு வாங்கிய நாளில்கூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் ஒரு மனுஷனைச் சிரிக்க வைத்துவிட்டாள். அவள் வாயிலிருந்து அவளே வெளியே வந்திருந்தாள்.

திருகாணியின் வேன் ஒரு சந்திப்பில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் என்ன, பேசினார்கள். அக்கா வினைச்சொற்களைத் தொலைத்தாள், நேற்றையும் நாளையையும் கலந்தாள், நடுவில் வார்த்தை கிடைக்காமல் "அது இருக்கே, அது" என்றாள். அவன் எடுத்துக்கொடுத்தான். இவளும் அவனுக்கு எடுத்துக்கொடுத்தாள். அவன் குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம் சொன்னான். அவனுக்கு லிஃப்ட் என்றால் பயமாம். சின்ன வயதிலிருந்தே. இத்தனை வருஷமாகச் சாமானைக் கூட்டாளியோடு லிஃப்டில் அனுப்பிவிட்டு இவன் படியேறி வந்துவிடுவானாம், உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு. இன்றைக்குத்தான் இவனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறினானாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா இங்க பேசறதெல்லாம் பதிவாகும்."

"ஐயையோ."

"எங்க சார் மட்டும்தான் கேப்பாரு. பயப்படாதீங்க, அவருக்குப் பல்லின்னா பயம். நாற்காலி மேல ஏறி நின்னுடுவாரு."

அவன் மறுபடி சிரித்தான், அலமாரி மறுபடி தடதடத்தது. அக்காவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர், இன்னொரு ஹெட்போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவருக்குப் பின்னால் அறையில் இருந்த எல்லோரும் நின்றிருந்தார்கள்.

திருகாணி போய்ச் சேர்ந்தான். மேல்தளத்து இயந்திர அறையில் கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை அங்குலம் அங்குலமாக இறக்கித் தரைக்கு நேராக நிறுத்தினான். கதவு திறந்தது. கூட்டாளியின் குரல், திருகாணியின் குரல், ஒரே களேபரம். அதற்கு நடுவிலும் அந்தக் கனத்த குரல் திரும்ப மைக்குக்கு அருகே வந்தது.

"அக்கா, இருக்கீங்களா?"

அவன் சொன்ன ஆங்கிலச் சொல் வேறு. அந்த பாஷையில் தெரியாதவர்களை யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை. ஆனால் அது அக்காதான், வேறு எதுவும் இல்லை.

"இருக்கேன்."

"நன்றி. அலமாரிய நான் படியில தூக்கிட்டுப் போறேன்."

"முழங்கால் வலின்னீங்களே?"

"போயிடுச்சு" என்றான்.

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரன் எழுந்துபோய்ச் செடியைத் திரும்பக் கொண்டுவந்து அவள் ஜன்னலில் வைத்தான்.

"பல்லி விஷயம் அவசியமாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"அவசியம்தான் சார். ஆபத்துக்குப் பாவமில்ல."

மறுநாள் மீட்டிங்குக்கு அவர் வேறு எதையும் எடுத்துப் போகவில்லை. அந்தப் பேச்சுப் பதிவை மட்டும் எடுத்துப் போனார். முதலில் பல்லியை வெட்டிவிட நினைத்தாராம். வெட்டினால் அவன் சிரிப்பும் சேர்ந்து போய்விடுகிறது. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முழுசாகப் போட்டுக் காட்டினார். பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள், 'கைய எடு' என்ற இடத்தில் திடுக்கிட்டார்கள், வக்கீல் இடத்தில் சிரித்தார்கள், பல்லி இடத்தில் சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தார்கள். மெஷின் விற்க வந்தவரும் சிரித்தார். அவர் சிரித்ததோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

சூப்பர்வைசர் திரும்பி வந்து அக்காவின் மேஜையருகே நின்றார். பேனா மூடி வாயில் இல்லை.

"சீட்டு உங்களுதுதான். புதுசா வர்றவங்களுக்கும் நீங்கதான் பேசிக் காட்டணும்னு சொல்லிட்டாங்க."

அக்கா தலையை ஆட்டி, "ம்" என்றாள்.

"ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி இருக்கு. எல்லா லைனும் பிசியா இருக்கும்போது, கொஞ்ச நேரம் காத்திருங்கன்னு சொல்ல ஒரு ரெக்கார்டிங் வேணுமாம். குரலுக்கு வெளிய ஆள் தேடணும்…" என்று இழுத்தார்.

"வெளிய எதுக்கு சார்?"

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வாக்கியத்தை மனதுக்குள் முழுசாகக் கட்டினாள். முன்னும் பின்னும் பார்த்து, இஸ்திரி போட்டு, மடித்தாள். "வணக்கம். தாங்கள் மின்தூக்கி அவசர உதவி மையத்துடன் இணைக்கப்பட்டுள்ளீர்கள். அன்புகூர்ந்து சற்று நேரம் காத்திருக்கவும்." ஒரே தடவையில் முடிந்தது. திருப்பி எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போதும் நெரிசலான நேரங்களில் முதலில் பேசுவது அந்தக் குரல்தான். போன வாரம் ஒரு கோபக்கார மனிதர் அதைக் கேட்டுக் காத்திருந்து, பிறகு அக்காவின் லைனுக்கு வந்து சேர்ந்தார்.

"ம், சொல்லுங்க. என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"அப்பாடா, ஒரு மனுஷக் குரல்" என்றார் அவர். "முன்னாடி பேசினாங்களே ஒரு அம்மா, அவங்ககிட்ட எவ்வளவு கத்தினாலும் சொன்னதையே சொல்லிட்டிருக்காங்க."

"அவ அப்படித்தாங்க" என்றாள் அக்கா. "ரொம்ப நல்லவ. கொஞ்சம் கூச்ச சுபாவம். நீங்க எந்த மாடியில இருக்கீங்க?"